சூடான்: பசியை விளைவிக்கும் போரும் அடுப்பை அணையவிடாத மக்களும்

(தில்லியில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆங்கில ஏட்டிற்காக எழுதப்படும் கட்டுரைகளைத் தமிழாக்கித் தருவதே நீண்ட காலமாக என் கட்சிப் பணி. மேடையில் நின்று பேசுவது எனக்குப் பழக்கமில்லாதது. ஆகவே என் பணியிடத்தில் நிகழ்ந்த ஒரு சிறு விவாதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சூடான் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். போரில் சிக்கிய நகரங்களில் குடியிருப்பு மக்களே நடத்தும் சமையலிடங்கள் பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தது. நான் அதனைச் 'சமுதாய சமையற்கூடம்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த மூத்த தோழர், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், அச்சொல்லைச் சுழித்துவிட்டுக் 'கஞ்சித் தொட்டி' என்று எழுதினார். "தோழர், அது பிச்சைபோல ஒலிக்கிறதே" என்றேன். அவர் சொன்னார்: "அதிகாரி திறந்தால் அது பிச்சை. வேலைநிறுத்தக் காலத்தில் சங்கம் திறந்தால் அது போராட்டம். தொட்டி ஒன்றுதான், தோழர். திறப்பவர் யார் என்று பாருங்கள்."

இன்று நான் சொல்ல வந்திருப்பது அவ்வளவே. சூடானில் பசியை விளைவிப்பவர் யார், கஞ்சித் தொட்டியைத் திறப்பவர் யார், அதை மூடுபவர் யார் என்ற மூன்று கேள்விகள். அவற்றோடு, நாம் என்ன செய்ய வேண்டும் என்ற நான்காவது கேள்வியும் உண்டு.

வறட்சி கொண்டுவந்த பஞ்சமன்று

ஆப்பிரிக்கா என்றதும் வெடித்த நிலமும் எலும்புக்கூடான கால்நடைகளும் நம் கண்முன் தோன்றுமாறு செய்தித்தாள்கள் நம்மைப் பழக்கிவிட்டன. சூடான் நைல் நதி பாயும் நாடு. நீல நைலும் வெள்ளை நைலும் தலைநகர் கார்த்தூமில் கலக்கின்றன. அவ்விரண்டு நதிகளுக்கும் இடையில், லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்க 1925இல் பிரிட்டிஷ் ஆட்சியாளர் தொடங்கிய கெஸீரா பாசனத் திட்டம் உலகின் மிகப்பெரிய பாசனத் திட்டங்களுள் ஒன்று. நிலக்கடலை விளைச்சலில் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் சூடானும் ஒன்று. உலகச் சந்தைக்கு வரும் கருவேலம் பிசினில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. அதன் மண்ணில் தங்கமும் கிடைக்கிறது.

அத்தகைய நாட்டில், ஏறத்தாழ 5 கோடி மக்களில் பாதிப்பேர் கடும் பசிக்கு ஆளாகியுள்ளனர். 1 கோடியே 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டனர். 2024 ஆகஸ்ட் 1 அன்று, வட தார்பூரில் உள்ள ஸம்ஸம் அகதிகள் முகாமில் பஞ்சம் நிலவுவதாகப் பன்னாட்டு வல்லுநர் குழு உறுதி செய்தது. 'பஞ்சம்' என்ற சொல்லை அக்குழு எளிதில் வழங்குவதில்லை. ஐந்தில் ஒரு குடும்பம் உணவே இல்லாத நிலைக்குச் சென்றிருக்க வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு 30 பேர் கடும் ஊட்டக்குறைவால் மெலிந்திருக்க வேண்டும். பதினாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இருவரேனும் பசியாலும் அதனால் வரும் நோயாலும் மடிந்துகொண்டிருக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம் என்ற அறிவிப்பு வரும். சொல் வந்து சேரும்போது சவக்குழிகள் முன்னமே தோண்டப்பட்டிருக்கும்.

ஆண்டின் இறுதியில் மேலும் சில இடங்களில் பஞ்சம் உறுதியானபோது, இராணுவ அரசு அந்தக் கணக்கெடுப்பு முறையிலிருந்தே விலகிக்கொண்டது. பசித்தவர்க்குச் சோறிடுவதைவிட, பசியை எண்ணுபவரை வெளியேற்றுவது அவ்வரசுக்கு எளிதாயிருந்தது.

ரொட்டியில் தொடங்கிய புரட்சி

போர் 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. இரு தளபதிகளின் பதவிச் சண்டை என்று முதலாளித்துவ ஏடுகள் அதனைச் சுருக்கிவிடுகின்றன. அதற்கு முன் நிகழ்ந்ததை அறிந்தால்தான் அது யாருக்கு எதிரான போர் என்பது விளங்கும்.

சர்வதேச நிதியத்தின் அறிவுரைப்படி மானியங்கள் வெட்டப்பட்டன. 2018 டிசம்பரில் அத்பரா நகரில் ரொட்டியின் விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்று பவுண்டாக ஏறியது. அத்பரா இரயில்வே தொழிலாளர்களின் நகரம், சூடான் தொழிற்சங்க இயக்கத்தின் தொட்டில். அங்கு மூண்ட கிளர்ச்சி நாடெங்கும் பரவி, முப்பதாண்டுகள் ஆண்ட உமர் அல் பஷீரை 2019 ஏப்ரல் 11 அன்று வீழ்த்தியது. மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் சங்கங்களும், தெருக்கள்தோறும் இளைஞர்களும் பெண்களும் அமைத்த எதிர்ப்புக் குழுக்களும் அதன் முதுகெலும்பாயின. அந்நாட்டுக் கம்யூனிஸ்டுத் தோழர்களும் அதில் முன்நின்றனர். 1971இல் அப்தெல் காலிக் மஹ்ஜூபையும் தொழிற்சங்கத் தலைவர் ஷஃபி அகமது அல் ஷேக்கையும் தூக்கு மேடைக்குக் கொடுத்த கட்சி அது.

2019 ஜூன் 3 அன்று கார்த்தூமில் அமைதியாக அமர்ந்திருந்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2021 அக்டோபர் 25 அன்று, இராணுவத் தளபதி புர்ஹானும் துரித ஆதரவுப் படையின் தலைவர் தகாலோவும் கைகோத்து ஆட்சியைக் கவர்ந்தனர். துரித ஆதரவுப் படை என்பது, தார்பூர் இனப்படுகொலையை நடத்திய ஜஞ்ஜவீது கும்பல்களுக்குப் பஷீர் ஆட்சி 2013இல் அணிவித்த சீருடை. மக்களுக்கு எதிராக ஒன்றுசேர்ந்த அவ்விருவரும், கொள்ளையைப் பங்கிடுவதில் முரண்பட்டு, நாட்டையே போர்க்களமாக்கினர்.

பசி ஆயுதமாகும் விதம்

பசியை ஆயுதமாக்குவது எப்படி? அது மிகவும் சாதாரணமான செயல்களால் நடைபெறுகிறது. ஒரு முத்திரை மறுக்கப்படுகிறது. ஒரு சாலை மறிக்கப்படுகிறது. ஒரு கிடங்கு உடைக்கப்படுகிறது.

2023 டிசம்பரில் துரித ஆதரவுப் படை கெஸீராவின் தலைநகரான வத் மதனியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15 லட்சம் பேருக்கு ஒரு மாதத்திற்குப் போதுமான உணவு அதில் இருந்தது. நாட்டின் நெற்களஞ்சியம் என்று நாம் சொல்லத்தக்க நிலப்பரப்பில் உழவர் விரட்டப்பட்டனர். விதையும் கருவிகளும் கொள்ளை போயின.

மறுபுறம், இராணுவ அரசு 2024 பிப்ரவரியில் சாடு நாட்டு எல்லையிலுள்ள அத்ரே வழியை அடைத்தது. தார்பூருக்கு உணவு செல்லத்தக்க நேரடியான வழி அதுவே. ஆயுதம் வருகிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயுதம் வேறு வழிகளில் வந்துகொண்டுதான் இருந்தது. சோளமும் பருப்பும்தான் நின்றன. ஆறு மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில் சாலைகள் சேறான பின், ஸம்ஸம் முகாமில் பஞ்சம் அறிவிக்கப்பட்ட பின், அவ்வழி திறக்கப்பட்டது.

எல் ஃபாஷர் நகரத்தின் கதையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். துரித ஆதரவுப் படை அந்நகரை 500 நாட்களுக்கும் மேலாக முற்றுகையிட்டது. முற்றுகையை நீக்குமாறு ஐ.நா. பாதுகாப்பு அவை 2024 ஜூனில் தீர்மானம் நிறைவேற்றியது, எவரும் பொருட்படுத்தவில்லை. நகரைச் சுற்றி மண்கரை எழுப்பப்பட்டது. 2025 ஜூன் மாதத்தில், போர்ட் சூடான் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் கடந்து வந்த 15 உணவு வண்டிகளின் அணி, நகரை நெருங்கிய நிலையில் தாக்கப்பட்டது. அதில் ஐவர் மாண்டனர். உள்ளே இருந்த மக்கள் எதை உண்டனர்? 'அம்பாஸ்' உண்டனர். கடலை எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் புண்ணாக்கு அது. நாம் மாட்டுத் தொட்டியில் ஊறவைக்கும் அதே கடலைப் புண்ணாக்கு. கடும் ஊட்டக்குறைவால் வாடும் குழந்தைகளைக் காக்க உலகெங்கும் மருத்துவர் தரும் உணவு நிலக்கடலைப் பசையால் ஆனது. நிலக்கடலை விளையும் நாட்டின் குழந்தைகளுக்கு அந்தப் பசை எட்டவில்லை, புண்ணாக்குதான் கிடைத்தது. கடைசியில் அதுவும் தீர்ந்தது.

2025 அக்டோபர் 26 அன்று நகரம் வீழ்ந்தது. அங்கிருந்த மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் துணைக்கு வந்தோருமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அடுப்பை மூட்டியவர்கள்

போரின் முதல் நாளிலேயே வட தார்பூரில் உலக உணவுத் திட்டத்தின் பணியாளர் மூவர் கொல்லப்பட்டனர். அயல்நாட்டுப் பணியாளர் பெரும்பாலோர் சில நாட்களில் வெளியேறினர். நம் நாட்டு அரசும் 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் 3,800க்கும் மேற்பட்ட இந்தியரை மீட்டு வந்தது. மூலிகைப் பொருட்கள் விற்கச் சென்றிருந்த கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி பழங்குடி மக்களும் அவர்களுள் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் சென்றபின், சூடான் மக்கள் எஞ்சியிருந்தனர்.

ஆனால் அவர்கள் வெறுங்கையராய் இல்லை. புரட்சிக் காலத்து எதிர்ப்புக் குழுக்களின் தோழர்கள் தெருத்தெருவாக இருந்தனர். எந்த வீட்டில் முதியவர் தனித்திருக்கிறார், எங்கே கருவுற்ற பெண் இருக்கிறாள், யாருக்கு நீரிழிவு மருந்து வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் கூடினர். சூடான் கிராமங்களில் 'நஃபீர்' என்றொரு வழக்கம் உண்டு. அறுவடைக்கோ வீடு கட்டவோ அழைப்பு விடுத்தால் ஊரே வந்து கூலியின்றிச் சேர்ந்து உழைக்கும். சூஃபி மடங்களில் வழிப்போக்கர்க்கு உணவிடும் 'தக்கியா' என்ற மரபும் உண்டு. பழைய மரபு இரண்டும் புதிய அரசியல் அமைப்போடு இணைந்தன.

வேலைமுறை எளியது. குடியிருப்புக்கு ஓர் அறை. அவற்றை ஒருங்கிணைக்க மாநில அளவில் ஓர் அறை. தேவை என்ன என்பதைக் குடியிருப்பு முடிவு செய்கிறது. வெளிநாடுகளில் உழைக்கும் சூடானியர் கைப்பேசிவழி பணம் அனுப்புகின்றனர். அப்பணத்தில் பருப்பும் மொச்சையும் சோளமாவும் விறகும் வாங்கி, பெரிய அண்டாக்களில் நாளொன்றுக்கு ஒருவேளை, இயன்றால் இருவேளை சமைக்கின்றனர். சோளக்களியை நம் கரிசல் காட்டு உழவர் கண்டால் உடனே அடையாளம் கொள்வர். பெண்கள் தமக்கெனத் தனி அறைகள் அமைத்து, பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு மருந்தும் அடைக்கலமும் தருகின்றனர். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு அறுந்தபோது பணப் பரிமாற்றமும் அறுந்தது. பல அடுப்புகள் அணைந்தன. இணையம் வந்ததும் மீண்டும் மூட்டினர்.

இதற்காக அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. இராணுவம் அவர்களைத் துரித ஆதரவுப் படையின் கையாட்கள் என்றது. துரித ஆதரவுப் படை அவர்களை இராணுவத்தின் ஒற்றர்கள் என்றது. இரு தரப்பும் அவர்களைச் சிறையிலிட்டன, சிலரைக் கொன்றன. அண்டாவுக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது என்பதை அஞ்சியே இரு தரப்பும் இவ்வாறு செய்தன. 2025இல் நார்வே நாட்டின் ராஃப்டோ பரிசும், 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. விருது பெருமைதான். விருதால் அண்டா நிரம்புவதில்லை.

நமக்குள் எழும் கேள்வி

இப்போது நமக்குள் பேசப்பட வேண்டிய ஒன்றைப் பேசுகிறேன். 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு அயல்நாட்டு உதவியை ஒரே ஆணையால் நிறுத்தியது. சூடானுக்கு வந்துகொண்டிருந்த மனிதாபிமான நிதியில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் அமெரிக்காவுடையது. அதில் ஒரு பகுதி அவசர உதவி அறைகளுக்கும் சென்றது. சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டன.

அந்நாட்களில் நம் தோழர் ஒருவர் என்னிடம், "ஏகாதிபத்தியத்தின் தூண்டில் ஒழிந்தது, நாம் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் உண்மை இல்லாமலில்லை. 1965 முதல் 1967 வரை பி.எல். 480 கோதுமையை மாதத் தவணையாக அளந்துவிட்டு, நம் நாட்டின் வியட்நாம் கொள்கையையும் வேளாண் கொள்கையையும் வளைக்க ஜான்சன் அரசு முயன்றதை நம் மூத்தோர் அறிவர். உதவி ஒரு கயிறு. அதன் மறுமுனை எவர் கையில் என்று பார்க்காமல் அதைப் பற்றக்கூடாது என்று நாம் இத்தனை ஆண்டுகள் சொல்லி வந்தது சரிதான்.

ஆயினும் தோழர்களே, அந்தக் கயிற்றைப் பிடித்துக் கிணற்றில் தொங்குபவர் ஒருவர் இருக்கும்போது கயிறு அறுக்கப்பட்டால், அதை விடுதலை என்று நாம் அழைக்க முடியாது. ஓம்துர்மானில் காலையில் கிண்ணத்தோடு வந்த குழந்தை வெறும் அண்டாவைப் பார்த்துத் திரும்பியது. ஏகாதிபத்தியம் உதவி கொடுத்தபோது மட்டுமன்று, அதை நிறுத்தியபோதும் தன் ஆதிக்கத்தையே காட்டியது. இரண்டையும் ஒருசேரக் கண்டிக்கும் தெளிவு நமக்கு வேண்டும். நம் எதிர்ப்பு கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு எதிரானது, தொங்குபவருக்கு எதிரானதன்று.

இத்தெளிவு நம் இயக்கத்திற்குப் புதியதன்று. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் மக்கள் மடிந்தனர். அப்போது நம் தோழர்கள் இரண்டையும் செய்தனர். மகிளா ஆத்ம ரக்ஷா சமிதியின் பெண்கள் கஞ்சித் தொட்டிகளை நடத்தினர். அதே வேளையில் பதுக்கல்காரரையும் ஆட்சியாளரையும் எதிர்த்து ஊர்வலம் சென்றனர். சுனில் ஜானாவின் புகைப்படங்களும் சித்தப்ரசாத்தின் சித்திரங்களும் அப்பஞ்சத்தை நாடறியச் செய்தன. சித்தப்ரசாத்தின் நூலைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. கஞ்சி ஊற்றுவது சீர்திருத்தவாதம் என்று அன்று அவர்கள் ஒதுங்கியிருந்தால், ஊர்வலத்தில் வர எவரும் உயிரோடு இருந்திருக்கமாட்டார்.

நாம் செய்யத்தக்கவை

சூடானுக்காக 2025ஆம் ஆண்டு ஐ.நா. கேட்ட தொகை 420 கோடி டாலர். அதில் பாதிகூட வந்து சேரவில்லை. 2024இல் உலக நாடுகள் இராணுவத்திற்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள். சூடானின் ஓராண்டுத் தேவை, உலகம் ஆயுதத்திற்கும் படைக்கும் செலவிடும் 14 மணி நேரத் தொகையைவிடக் குறைவு. பணம் இல்லை என்று எவரேனும் சொன்னால் இக்கணக்கை அவர் முன் வையுங்கள்.

இரண்டாவது, தங்கம். சூடான் தங்கத்தின் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்திற்குச் செல்கிறது. துரித ஆதரவுப் படைக்கு அமீரகம் ஆயுதம் அனுப்பியதாகக் கூறப்படுவதை நம்பத்தக்கது என ஐ.நா. வல்லுநர் குழு 2024 ஜனவரியில் பதிவு செய்தது. அமீரகம் அதனை மறுக்கிறது. இராணுவத்தின் பின்னே எகிப்து உள்ளிட்ட அரசுகள் நிற்கின்றன. நம் நாடு அமீரகத்திலிருந்து தங்கம் வாங்குகிறது. 2022இல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தம் அத்தங்கத்திற்குத் தீர்வைச் சலுகையும் தருகிறது. அதில் எவ்வளவு சூடானின் இரத்தம் தோய்ந்தது என்று கேட்கும் உரிமை நம் நாடாளுமன்றத்திற்கு உண்டு. தங்கத்தின் பிறப்பிடத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று கோருவது நம் உறுப்பினர்கள் எழுப்பத்தக்க கோரிக்கை.

மூன்றாவது, ஐ.நா.வின் ஆயுதத் தடை இன்றும் தார்பூருக்கு மட்டுமே. அது சூடான் முழுமைக்கும் விரிய வேண்டும் என்று இந்திய அரசு பேச வேண்டும். 1953இல் சூடானின் முதல் தேர்தலை நடத்திக் கொடுத்தவர் நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அந்த உறவை நினைவில் கொண்ட அரசாயின், 'உலகத் தெற்கின் குரல்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அரசாயின், இதில் மௌனம் காக்காது.

நான்காவது, நம்மால் உடனே ஆகக்கூடியது. பாலஸ்தீனத்திற்காக நாம் தெருவில் இறங்கினோம். அது நம் கடமை, தொடர்ந்து செய்வோம். சூடானுக்காக ஒரு தெருமுனைக் கூட்டமேனும் நடத்தினோமா என்று ஒவ்வொரு கிளையும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். கேட்பாரற்ற போர்தான் நீண்டு செல்லும்.

முடிக்கிறேன். அந்தக் கட்டுரை 'கஞ்சித் தொட்டி' என்ற சொல்லோடேயே அச்சாயிற்று. மூத்த தோழர் திருத்தியது சரி. ஸம்ஸம் முகாம் 2025 ஏப்ரலில் தாக்கப்பட்டது. அங்கிருந்த மருத்துவ நிலையம் ஒன்றின் பணியாளர் ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 4 லட்சம் பேர் கால்நடையாகவும் கழுதை வண்டிகளிலும் தப்பி ஓடினர். அவர்களுள் பலர் தவிலா என்ற சிற்றூரைச் சென்றடைந்தனர். அங்கேயும் தன்னார்வலர்கள் அடுப்பு மூட்டினர். மூட்டியவர்களுள் பலர் தாமே அகதிகள்.

அந்த அடுப்பு எரிய விறகு வேண்டும். அதை அணைக்க வரும் கையைத் தடுக்கவும் வேண்டும். இரண்டும் நம் வேலை.